வீடு அவளுக்கு, கையெழுத்து வாப்பாவுக்கு

நற்பிட்டிமுனையில் கல்யாணம் முடித்த பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் தன் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். எங்கள் ஊரில் முஸ்லிம் தெருவிலும் தமிழ்த் தெருவிலும் வழக்கம் இதுதான். மட்டக்களப்பிலிருந்து தெற்கே பொத்துவில் வரைக்கும் கரையோரம் முழுக்க, குடி தாய் வழியாக வருகிறது, வீடும் தாய் வழியாக வருகிறது. அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த ஏற்பாட்டைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வருகிறவர்கள் இதைக் கேட்டதும், "உங்கட பொம்பிளைகளுக்கு வீடு சொந்தம், பிறகென்ன குறை?" என்பார்கள்.

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு ஏலாது. உம்மம்மா, உம்மா, நான், ராத்தாவின் மகள் என்று நாலு பேரின் கல்யாணத்தைச் சொன்னால்தான் கொஞ்சமாவது விளங்கும்.

உம்மம்மா வருசத்தை எண்ணாகச் சொன்னதில்லை. பெருவெள்ளத்துக்கு முந்தின வருசம் தனக்குக் காவின் (கல்யாணப் பதிவு) எழுதினார்கள் என்பார். 1957 மார்கழியில் வந்த அந்த வெள்ளத்தைக் கிழக்கில் பழைய ஆட்கள் எவரும் மறக்கவில்லை. பெரிய பிள்ளையாகி ஒரு வருசம் நிறையுமுன் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் முகத்தைக் குரவைச் சத்தம் அடங்கிய பிறகுதான் பார்த்தாராம். "உங்கக்கிட்ட சம்மதம் கேட்டாங்களா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "வாப்பா வந்து அறை வாசல்ல நிண்டாரு. நான் தலையக் குனிஞ்சிருந்தன். சாச்சி எனக்காக ஓம் எண்டா. அவ்வளவுதான் மனே" என்றார்.

அவருக்குக் கிடைத்த சீதனம் மண்சுவர் வைத்துக் கிடுகு வேய்ந்த ஒரு வீடு, அது நின்ற வளவு, கொஞ்சம் வயல். வீட்டை அவருடைய காக்காமார் ஒரு போகத்து அறுவடை முடிந்த கையோடு கட்டிவிட்டார்கள். களிமண் வயலில் கிடைத்தது, கிடுகு வளவில் கிடைத்தது, வேலைக்குச் சொந்தக்காரர் வந்தார்கள். கடன் படவில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளையை ஒருவர் கையில் கொடுத்த காலத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஆனால் அந்த வீட்டுக்காக ஒரு குடும்பத்தின் இருபது வருச உழைப்பு போகவில்லை என்பது உண்மை.

உம்மாவின் காலத்தில் கல்வீடு வந்தது. எங்கள் காலத்தில் சீமெந்து, ஓடு, கிரில், மாபிள், அற்றாச் பாத்ரூம் என்று கணக்கு ஏறிக்கொண்டே போனது. பெண் பிள்ளை பிறந்த வீட்டில் அன்றைக்கே கவலை தொடங்கும். "அவருக்கு மூணு குமர்", அதாவது கல்யாணமாகாத மூன்று பெண்கள், என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அவருக்கு இனி நித்திரை இல்லை என்று எல்லோருக்கும் விளங்கும். பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்ததும் குமர் காரியத்துக்கு உதவி கேட்டு நிற்கிற தகப்பன்மாரை நான் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். எங்கள் தெருவில் அரைகுறையாகக் கட்டி, கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு சுவருக்கும் ஒரு பெண் பிள்ளையின் பெயர் இருக்கிறது. அவளுக்கு இன்னும் பத்து வயதாக இருக்கலாம்.

எழுபதுகளின் கடைசியில் மத்திய கிழக்குக்குக் கதவு திறந்தது. வளர்ந்த பிறகு காக்காவும் சவூதிக்குப் போனார். அவர் போனது தனக்காக அல்ல, எங்கள் மூன்று பேருக்காக. தங்கச்சிமாருக்கு வீடு கட்டி முடிக்காமல் ஆண் பிள்ளை கல்யாணம் பேசுவது எங்கள் பக்கம் மரியாதையில்லை. கடைசித் தங்கச்சியான எனக்குக் காவின் முடிந்த பிறகு, நரை விழுந்த தலையோடுதான் அவர் மாப்பிள்ளையானார். காக்கா இல்லாத வீடுகளில் உம்மாமார் குவைத்துக்கும் றியாத்துக்கும் வீட்டுவேலைக்குப் போனார்கள். சில வீடுகளில் குமரே போனாள், தன் வீட்டுக்குத் தானே கல் வாங்க. மூதூரைச் சேர்ந்த றிஸானா நபீக் 2005இல் கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிக் காட்டிச் சவூதிக்கு அனுப்பப்பட்டவர். அவர் பராமரித்த குழந்தையின் மரணத்துக்காக 2013 ஜனவரி 9ஆம் திகதி அங்கே அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர் போனதற்குக் காரணம் குடும்பத்து வறுமை. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் சமைக்காத வீடுகள் இருந்தன. அந்தத் தெருவிலிருந்தும் பிள்ளைகள் போயிருந்தார்கள்.

இவ்வளவையும் கொடுத்துக் கட்டும் வீடு அந்தப் பெண்ணுக்குத் தருவது ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். இங்கே ஒரு பெண்ணை நடுச்சாமத்தில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்த ஒரு புருசனால் முடியாது. கதவு அவளுடையது. பக்கத்து வளவில் தங்கச்சி, பின் வளவில் பெரியம்மா. புருசன் கை நீட்டினால் நாலு வீட்டுக்குச் சத்தம் கேட்கும். கைக்குழந்தையோடு பிறந்த வீட்டு வாசலில் வந்து நிற்கும் வெட்கம் எங்கள் பெண்களுக்கு இல்லை. அவர்கள் பிறந்த வளவை விட்டுப் போனதே இல்லை. இதை இல்லாமலாக்க வேண்டும் என்று எவராவது சொன்னால் நான் எதிர்த்து நிற்பேன். என் சண்டை வேறொன்றோடு. வீடு இருந்தால்தான் கல்யாணம், கல்யாணம் இருந்தால்தான் அவள் மனுசி என்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்களே, அந்த முடிச்சோடு. வீடு கட்ட வழியில்லாத வாப்பாவின் மகளுக்கு முப்பது தாண்டிவிட்டால் அவளை எல்லோரும் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். அவள் நல்ல ஆசிரியையாக இருக்கலாம், நல்ல தையல்காரியாக இருக்கலாம். அதை ஒருவரும் கேட்பதில்லை.

இன்னொன்று. அந்த வீடு எத்தனை காலம் அவளுடையது?

உம்மாவுக்குச் சீதனமாக வந்த கல்வீட்டில்தான் நாங்கள் மூன்று பேரும் பிறந்தோம். ராத்தாவுக்குக் கல்யாணம் பேசியபோது அந்த வீடு ராத்தாவின் பெயருக்குப் போனது. உம்மாவும் வாப்பாவும் எங்களைக் கூட்டிக்கொண்டு அதே வளவின் பின்பக்கம் போட்ட ஓலைக் கொட்டிலுக்குப் போனார்கள். தானே மெழுகிய திண்ணையில் உம்மா அதன்பிறகு விருந்தாளிபோல ஓரமாக உட்கார்ந்தார். குசினியில் எந்தச் சட்டி எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். இரண்டாவது ராத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு வீடு எழும்பியது. எனக்கு மூன்றாவது. உம்மா கடைசிவரை கொட்டிலில்தான். மௌத்தாகும்போது அவர் பெயரில் ஒரு பேர்ச்சஸ் நிலமும் இல்லை. உம்மம்மாவுக்கும் அதேதான் நடந்தது. தன் கல்யாணத்துக்கும் மகளின் கல்யாணத்துக்கும் இடைப்பட்ட அந்த இருபது இருபத்தைந்து வருசம் மட்டும்தான் எங்கள் ஊர்ப் பெண் வீட்டுக்காரி. அதற்கு முன் அவள் குமர், பின்னர் கொட்டில்காரி. "உங்கட பொம்பிளைகளுக்கு வீடு சொந்தம்" என்று வியக்கிறவர்கள் வளவின் பின்பக்கம் போய்ப் பார்ப்பதில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி இந்த ஏற்பாட்டின் அடியையே அசைத்தது. நாட்டிலேயே அதிக உயிர்களைக் கடல் கொண்டுபோனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில். கல்முனைக்குடிக் கரையோரம் இருந்த எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு மூன்று பெண்கள். ஒரே வளவில் மூன்று வீடு, ஒன்று முடிந்தது, ஒன்று ஓடு போட இருந்தது, ஒன்று அத்திவாரம். மூன்றும் போயிற்று. கிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். பிறகு வீடு கட்டிக்கொடுக்க வந்தவர்கள் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்று எண்ணினார்கள். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள். வீட்டில் நின்ற ஆம்பிளையைக் காட்டினார்கள், அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண் பெயரில் வந்த வீடு ஒரு படிவத்தோடு ஆண் பெயருக்கு மாறியது. மட்டக்களப்பில் பெண்கள் அமைப்புகள் கூட்டு உரிமையாவது கொடுங்கள் என்று குரல் கொடுத்தன. எங்கள் பக்கம் பல வீடுகளில் அது நடக்கவில்லை. அந்த மூன்று குமரில் ஒருத்திக்கு அந்த வீடு கிடைத்தது. மற்ற இரண்டு பேருக்கும் கல்யாணம் பேசி வந்தவர்கள் வளவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

இனி காவினுக்கு வருகிறேன். என் மனத்தைக் கூடுதலாக வருத்துவது அதுதான்.

என் கல்யாணத்துக்கு முந்தின கிழமை கல்முனையில் ஒரு நொத்தாரிசிடம் சீதன உறுதி முடித்தோம். நன்கொடை கொடுப்பவர் வாப்பா, பெறுபவர் நான். பெற்றுக்கொள்கிறேன் என்று நானே கையெழுத்துப் போட்டால்தான் உறுதி செல்லும். போட்டேன். அடுத்த கிழமை காவின். வெளி மண்டபத்தில் பதிவாளர், மாப்பிள்ளை, வாப்பா, சாட்சிகள். நான் அறைக்குள் பெண்களோடு. வலியாக, அதாவது என் பொறுப்பாளராக, வாப்பா கையெழுத்துப் போட்டார், மாப்பிள்ளை போட்டார், சாட்சிகள் போட்டார்கள். என் கையெழுத்துக்கு அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை. பத்துப் பேர்ச்சஸ் காணியை ஏற்க என் கை வேண்டியிருந்தது. ஒரு மனுசனை ஏற்க வேண்டியிருக்கவில்லை.

அது பதிவாளரின் குற்றமல்ல. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. 1954இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மணமகனும் வலியும் பிரகடனம் செய்வார்கள், மணமகள் செய்யமாட்டாள். விவாக வழக்குகளைக் கேட்கும் காதி முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும், மேன்முறையீடு கேட்கும் காதிகள் சபையிலும் ஆண்கள்தான். இந்த நாட்டில் 2011இல் ஒரு பெண் பிரதம நீதியரசரானார். காதியாக ஒரு பெண் வர வழியில்லை. 1995இல் நாட்டின் பொதுவான திருமண வயது பதினெட்டு ஆனது, முஸ்லிம் பெண் பிள்ளைக்கு அது பொருந்தாது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கல்யாணத்தைக்கூடக் காதியின் அனுமதியோடு பதியலாம் என்று 23ஆம் பிரிவு சொல்கிறது. இந்தச் சட்டம் வேண்டாம், பொதுச் சட்டத்தின் கீழ் கல்யாணம் முடிக்கிறேன் என்று இரண்டு முஸ்லிம்கள் போனாலும் முடியாது. பொதுத் திருமணப் பதிவுச் சட்டம் முஸ்லிம்களை வெளியே விட்டுவிட்டது. அடிப்படை உரிமை மீறல் என்று வழக்குப் போகலாமா என்றால், ஏற்கெனவே இருந்த சட்டங்கள் முரண்பட்டாலும் செல்லும் என்று அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை வாசலை அடைக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பெண். பெயர் வேண்டாம். சொந்த வீடு, சொந்தச் சம்பாத்தியம், தையல் மெசினில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். புருசன் வேறொரு ஊரில் இரண்டாவது கல்யாணம் முடித்துவிட்டுக் கிழமைக்கு ஒருநாள் வந்து அடித்துவிட்டுப் போவார். இவர் விடுதலை கேட்டு ஒரு காதியிடம் போனார். புருசன் தலாக் சொல்வதென்றால் காரணம் நிரூபிக்கத் தேவையில்லை. இவர் பஸஹ் (மனைவி கோரும் விவாகரத்து) கேட்பதென்றால் குற்றத்தை நிரூபிக்க வேண்டும், சாட்சி கொண்டுவர வேண்டும், மூன்று ஆண் மதிப்பீட்டாளர்கள் முன்னால் அறைக்குள் நடந்ததைச் சொல்ல வேண்டும். சட்டத்தரணியைக் கூட்டிப்போகவும் முடியாது, அந்தச் சட்டத்தில் அதற்கும் தடை. "அடிச்சத்தக் கண்ட ஆம்புளச் சாட்சி இரிக்கா எண்டு கேக்காங்க. கதவப் பூட்டிட்டுத்தானே அடிக்கார்" என்று என்னிடம் அழுதார். வருசங்கள் இழுத்தன. வீடு அவருடையதாக இருந்தபடியால் பிள்ளைகள் தெருவுக்கு வரவில்லை. அந்த நன்மையை நான் மறைக்கவில்லை. ஆனால் தன் வீட்டுக் கதவைத் திறக்கவும் பூட்டவும் உரிமையுள்ள பெண்ணுக்குத் தன் கல்யாணத்திலிருந்து வெளியே வர இன்னொருவரின் இரக்கம் தேவைப்பட்டது.

மார்க்கம் இப்படித்தான் சொல்கிறது என்று வாயை அடைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மஹர் மாப்பிள்ளை கொடுக்க வேண்டியது, அது மார்க்கம். என் காவினில் மஹர் ஆயிரத்தொரு ரூபா. என் வாப்பாவும் காக்காவும் கொடுத்த வீட்டின் கதவு நிலை ஒன்றுக்கும் அது போதாது. பெண் வீட்டார் மாப்பிள்ளையிடம் கொடுக்கும் கைக்கூலிக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டம் வரைவிலக்கணம் எழுதி இடம் வைத்திருக்கிறது. மார்க்கத்தில் அதற்கு எங்கே இடம்? பெண்ணின் கையெழுத்துக்கு மட்டும் மார்க்கம் குறுக்கே நிற்கிறதாம். பங்களாதேஷிலும் பாகிஸ்தானிலும் நிக்காஹ் பத்திரத்தில் மணமகள் கையெழுத்துப் போடுகிறாள். தமிழ்நாட்டில் எத்தனையோ ஜமாஅத்துகளின் பதிவேட்டில் மணமகளின் கையொப்பம் இருக்கிறது. மொரோக்கோ 2004இல் வயது வந்த பெண் தானே தன் கல்யாணத்தை ஒப்பந்தம் செய்யலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. மலேசியா 2010இல் ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண் நீதிபதிகளை நியமித்தது. அங்கேயெல்லாம் தொழுகை நடக்கிறது, நோன்பு நடக்கிறது.

எங்கள் நாட்டில் முஸ்லிம் பெண்கள் சும்மா இருக்கவில்லை. முஸ்லிம் பெண்கள் ஆராய்ச்சி செயல் முன்னணி எண்பதுகளிலேயே இதைப் பேசத் தொடங்கியது. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழுவை அரசாங்கம் அமைத்தது. 2016இல் ஹ்யஷ்யாமா ஹமீனும் ஹஸனா சேகு இஸ்ஸதீனும் பல மாவட்டங்களுக்குப் போய், காதி நீதிமன்றத்தில் ஏறி இறங்கிய பெண்களின் சொல்லைத் திரட்டி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பேசிய பெண்களுக்குச் சொந்த ஊரில் கிடைத்த ஏச்சு கொஞ்சமல்ல. மர்சூப் குழுவின் அறிக்கை 2018 ஜனவரியில்தான் கைக்கு வந்தது, அதுவும் உறுப்பினர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து. ஒன்பது வருசத்தில் எங்கள் தெருவில் பாலர் பாடசாலைக்குப் போன பிள்ளை பெரிய பிள்ளையாகிவிடுவாள். அதன்பிறகும் அமைச்சரவைத் தீர்மானம், ஆலோசனைக் குழு என்று செய்திகள் வந்தன. காவின் மட்டும் பழைய சட்டத்தின்படியே நடந்துகொண்டிருக்கிறது.

ராத்தாவின் மகள் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவள். உம்மம்மா தன் பெயர் எழுதப் பழகியது பேரப்பிள்ளைகளிடம். அந்த வீட்டிலிருந்து இவள் பட்டமளிப்புக்குப் போனபோது தெரு முழுக்கச் சந்தோசப்பட்டது. கல்யாணம் பேச வந்தவர்கள் முதலில் கேட்டது வீடு முடிந்ததா என்று. பிறகு வேலைக்குப் போவாளா என்று கேட்டார்கள். படித்த பெண் வேண்டும், சம்பளம் வேண்டும், வீடும் வேண்டும். உம்மம்மாவுக்கு ஒரு சுமை இருந்தது, இவளுக்கு மூன்று. படிப்பு சீதனத்தைக் குறைக்கும் என்றுதான் நாங்கள் நம்பிப் படிப்பித்தோம். மாப்பிள்ளையும் படித்தவராக இருக்க வேண்டுமே, அதனால் விலை கூடிவிட்டது.

சீதன உறுதி எழுதும் நாள் வந்தது. நொத்தாரிசு ஒரு பெண் சட்டத்தரணி. ராத்தா தன் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுக்கத் தேசிய அடையாள அட்டையோடு போய் உட்கார்ந்திருந்தார். மகள் குறுக்கே பேசினாள். "மிஸ், உம்மாட சீவிய உருத்த வச்சி எழுதுங்க. உம்மா இரிக்கிற வரைக்கும் இது உம்மாட வீடு. எனக்குப் பிறகு பாப்பம்." ராத்தாவுக்கு முகம் செத்துவிட்டது. வெளியே வந்து என்னிடம், "மாப்பிள வீட்டுல என்ன நினைப்பாங்க?" என்றார். அவர் நினைத்தபடியே பேச்சு வந்தது. கொடுத்த வீட்டில் உம்மாவுக்கு என்ன உருத்து, இது என்ன புதுப் பழக்கம் என்று ஆள்விட்டுக் கேட்டார்கள். கல்யாணம் கலையும்போல் இருந்தது. மகள் மாப்பிள்ளைக்குத் தானே போன் எடுத்தாள். "உங்கட உம்மாவும் கொட்டில்லதானே இரிக்காங்க. உங்கட ராத்தாட வீட்டுல அவங்களுக்கு ஒரு அறை கேட்டுப் பாருங்க" என்றாளாம். அவர் ஒரு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். அந்த மாப்பிள்ளையை நான் அன்றைக்கு மதித்தேன்.

காவின் அன்று அவளும் அறைக்குள்தான் இருந்தாள். வாப்பா வந்து கேட்டார். எங்களைப்போல் தலை குனியவில்லை. வெளியே பதிவாளருக்கும் கேட்கும்படி, "எனக்குச் சம்மதம்" என்றாள். பிறகு ஒரு தாளில் அதையே எழுதி, மஹர் எவ்வளவு என்பதையும் வேலைக்குப் போவேன் என்பதையும் எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வைத்து அனுப்பினாள். மாப்பிள்ளையும் அதில் கையெழுத்துப் போட்டார். பதிவாளர் நல்ல மனுசர். வாசித்துப் பார்த்துவிட்டு, "இத வைக்கிறதுக்கு இந்தப் புத்தகத்துல இடமில்ல புள்ள" என்று திருப்பி அனுப்பினார். அந்தத் தாள் இப்போது அவளுடைய சீதன உறுதியோடு ஒரே உறையில் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் உறுதி செல்லும், தாள் செல்லாது.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் ராத்தா ஹார்ட்வெயார் கடையிலிருந்து தகரம் இறக்கினார். பின் வளவில் தனக்கும் மச்சானுக்கும் கொட்டில் போடவாம். உறுதியில் சீவிய உருத்து இருக்கிறது, மகள் முன் அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறாள், மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் ராத்தாவால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. "மகளக் குடுத்த வீட்டுல உம்மா காலாட்டிக்கிட்டு இரிக்கா எண்டு சனம் சொல்லும்" என்றார். மகள் தகரத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மகளின் பக்கம் நின்று, உம்மா கொட்டிலில் கிடந்து மௌத்தானதை ராத்தாவுக்கு முகத்துக்கு நேரே சொன்னேன். ராத்தா அழுதார், என்னோடு கதைப்பதையும் நிறுத்திக்கொண்டார். தகரத்தை மருமகன் வானில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனார்.